படியாதது

பெரியகரைச்சிக் களப்பில்
கண்டல் வேர்களுக்குள் வள்ளத்தைச் சொருகிவிட்டு
உவைஸ் கேட்டான்:
"எவ்வளவு சின்னன் மிஸ், அது?"

ஒரு தலைமயிரின் அகலத்தில்
இரண்டாயிரம் துணிக்கைகளை வரிசையாக நிறுத்தலாம் என்றேன்.
தொப்பியைக் கழற்றினான்.
"ஒரு மயிருக்கே இங்க தட்டுப்பாடு."

போத்தலைக் கவிழ்த்து அமிழ்த்தி
முழங்கை நனையும் ஆழத்தில் நிமிர்த்தினேன்.
வெறுந்தேத்தண்ணி நிறம்.
எத்தனை மாரியின் இலை இதில் ஊறியிருக்கிறது,
நண்டுக்கோது, எருமைச் சாணம்,
இறால் தின்னாமல் விட்ட தீன்,
ஒரு மார்கழிக் காலை கடல் உள்ளே வந்து
விட்டுப்போனவை.
அவற்றை மட்டும் நான் பட்டியலில் எழுதுவதில்லை.
இத்தனைக்கும் சேர்த்துப் பாடப்புத்தகத்தில் ஒரே பெயர்:
உக்கல்.

மணல்திட்டுக்கு அப்பால் நிலாவெளி.
வெள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையின் முதுகில்
வெண்களிம்பு தடவுகிறாள், சுவருக்குப் பூசுவதுபோல.
பிள்ளை கத்திக்கொண்டு அலைக்குள் ஓடுகிறது.
முதுகிலிருந்து கழன்று வருகிறது
தைத்தேனியம் ஈரொட்சைட்டு.

வடக்கே புல்மோட்டையில்
கறுத்த மணலாய்க் கிடந்து கப்பலேறியதுதானா
வெளுத்துக் குழாய்க்குள் அடைபட்டுத் திரும்பியிருக்கிறது?
எந்தக் கருவியும் அதைச் சொல்லாது.
நினைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை,
நினைத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகூடத்தில் மூன்று குழாய்.
முதலாவதில் வடித்த நீர்.
இரண்டாவதில் கடல்.
கடலுக்குள் போட்டதும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தவை
தள்ளுவதை மறந்தன. உப்பு மறக்க வைத்தது.
ஒட்டின, திரண்டன, கனத்தன,
நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்து முடிப்பதற்குள்
அடியில் வெள்ளையாய்க் கிடந்தன.
எதிர்பார்த்ததுதான்.
அறிக்கையின் அந்த வரியை முன்பே எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாவதில் களப்பு.
அதையும் அதே உப்புக்குச் சமன் செய்திருந்தேன்.
எது முதலில் தொட்டது என்று தெரியவில்லை.
கண்டல் இலையின் துவர்ப்போ
பெயர் எழுதாத எதுவோ
கண் இமைப்பதற்குள் சுற்றிக்கொண்டது.
வந்தது வெறும் மேனியாய் வந்தது,
இப்போது இந்த ஊரின் மண்ணிறம் உடுத்திருக்கிறது.
இனி மீனின் செவுள் உரசப்போவது
முதலில் அந்த உடையைத்தான்.
உடைக்குள் இருப்பது எப்போது உரசும்,
உரசுமா,
அதற்கு என்னிடம் குழாய் இல்லை.

ஒரு நாள். நான்கு நாள்.
கரண்ட் போய் வந்த இரவு.
பதினோராம் நாளும் படியவில்லை.

"கல்சியம் போட்டுப் பாரன்"
என்றாள் பக்கத்து மேசைச் சுகிர்தவதனி.
போட்டேன்.
ஒரு கையால் இந்த உடையின் நுனியையும்
மறுகையால் அந்த உடையின் நுனியையும் பிடித்து
அது முடிச்சுப் போட்டது.
தும்பு தும்பாய்ச் சில இறங்கின.
மற்றவை இறங்கவில்லை.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
நிலையானது, நிலையற்றது.
ஒன்றில் மட்டும் சரி போடுக.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கச்சான் அடங்கிய பின்னேரம்
உவைஸின் குரல்செய்தி,
பின்னால் எஞ்சின் சத்தம்:
"மிஸ், அது கீழ போயிட்டா?"

இல்லை என்று எழுதினேன்.
பாதி என்று எழுதினேன்.
இரண்டையும் அழித்துவிட்டு
குழாயை ஜன்னலுக்குப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினேன்.
தேத்தண்ணிக்குள் துறைமுகத்து வெளிச்சம்,
வேறொன்றும் தெரியாது.

எஞ்சின் நின்றிருந்தது அடுத்த செய்தியில்.
தண்ணீர் பலகையில் மொத்தும் சத்தம்.
"அப்ப நாம அதுக்கு மேலால போறமா,
உள்ளால போறமா?"

மூன்றாம் குழாயை
ஆட்டாமல் திரும்ப வைத்தேன்.